செங்கோட்டை – புனலூர் மீட்டர்கேஜ் லைனை வீட்டுல மாடலா பண்ணணும், எந்த ஸ்கேல்ல ஆரம்பிக்கலாம்?

தென்காசி சாரல் எழுதியது:

எல்லாருக்கும் வணக்கம். இங்க நான் புதுசு. மின்வாரியத்துல வேலை பாத்து போன வருஷம் ரிடையர் ஆயிட்டேன். பொண்ணு கல்யாணம் ஆகிப் போனதுல இருந்து மாடில ஒரு ரூம் சும்மாத்தான் கெடக்கு. 10க்கு 11 அடி, ஒரு கதவு, மேற்குப் பக்கம் ஒரு ஜன்னல். அதுல ஒரு ட்ரெயின் லேஅவுட் போடணும்னு ரொம்ப வருஷ ஆசை, இப்பத்தான் நேரம் வாய்ச்சிருக்கு.

வட்டமா சுத்திக்கிட்டே இருக்குற ரயில் எனக்கு வேண்டாம். எங்க ஊர் லைன் வேணும். செங்கோட்டை – புனலூர் மீட்டர்கேஜ் காட் செக்ஷன், அதாவது மலைப்பாதை. அத்தை வீடு புனலூர்ல இருந்ததால சின்ன வயசுல லீவு விட்டா அந்த ரயில்தான். பகவதிபுரம் தாண்டி குகைக்குள்ள நுழைஞ்சு அந்தப் பக்கம் ஆரியங்காவுல வெளிய வந்தா காத்து, மண்ணு, மரம் எல்லாமே மாறிப் போயிருக்கும், பின்னாடி இன்னொரு எஞ்சின் தள்ளிக்கிட்டே வரும், கழுதுருட்டி பக்கம் அந்த 13 கண் பாலத்துல போறப்போ பெட்டியில இருக்குற அத்தனை பேரும் ஒரே ஜன்னல் பக்கமா சாயுவாங்க. 1904ல வந்த லைன். 2010ல மீட்டர்கேஜை நிறுத்தினாங்க, 2018ல பிராட்கேஜா திரும்ப வந்துச்சு. பிராட்கேஜ் வந்தது ஊருக்கு நல்லது, அதுல எனக்கு மாற்றுக் கருத்தே இல்ல. ஆனா அந்த பழைய ரயிலை பேரனுக்கு காட்டணும்னா இனிமே நான் செஞ்சாத்தான் உண்டு.

எனக்கு தெரிய வேண்டியது, எச்ஓ, என் ஸ்கேல்னு சொல்றாங்களே அதுல எது எடுக்கலாம், நம்ம மீட்டர்கேஜ் எஞ்சின் பெட்டியெல்லாம் விலைக்கு கிடைக்குமா, டிசி போதுமா டிசிசி வேணுமா. ஒயரிங், சால்டரிங் எல்லாம் நானே பண்ணிடுவேன், மர வேலைதான் புதுசு. இன்னொரு விஷயம், லீவுக்கு பேரப்புள்ளைங்க வந்தா அந்த ரூம்லதான் படுக்கணும், கட்டில் போட இடம் விட்டே ஆகணும்னு வீட்டம்மா சொல்லிட்டாங்க, அதுவும் நியாயம்தான். அனுபவம் உள்ளவங்க சொல்லுங்க.

கோவை குட்டி ரயில் எழுதியது:

வாங்க சார், வணக்கம். செங்கோட்டை லைனை ஒருத்தர் செய்யணும்னு கேக்குறதே அவ்ளோ சந்தோஷமா இருக்கு.

முதல்ல ஸ்கேல் வேற, கேஜ் வேற, இதை பிரிச்சு வச்சுக்கிட்டா பாதி குழப்பம் போயிடும். எச்ஓன்னா 1:87, அதாவது நிஜத்துல 87 மீட்டர் இருக்குறது நம்ம போர்டுல 1 மீட்டர். அதோட தண்டவாள அகலம் 16.5 மி.மீ, இது ஐரோப்பா அமெரிக்காவுல ஓடுற 1435 மி.மீ ஸ்டாண்டர்டு கேஜுக்கு சரியா வர்ற கணக்கு. நம்ம பிராட்கேஜ் 1676, அதை 87ஆல வகுத்தா 19 மி.மீக்கு மேல வரணும், ஆனா அப்படி தண்டவாளம் கடையில கிடைக்காததால பிராட்கேஜ் செய்றவங்க பெரும்பாலும் 16.5லயே ஓட்டிக்கிறாங்க. உங்க மீட்டர்கேஜுக்கு இதே கணக்குல 11.5 மி.மீ வரும், அதுக்கு 12 மி.மீ தண்டவாளம் தனியா இருக்கு, எச்ஓஎம்னு சொல்லுவாங்க. கிடைக்கும், ஆனா எல்லாமே வெளிநாட்டுலருந்து வரணும், விலை அதிகம்.

என் ஸ்கேல் 1:160, தண்டவாளம் 9 மி.மீ. என் யோசனை இதுதான் சார், 9 மி.மீ பக்கம் போங்க. காரணம் சொல்றேன். நம்ம மீட்டர்கேஜ் பெட்டி ஒண்ணு சுமார் 19.5 மீட்டர் நீளம். எச்ஓல அது 22 செ.மீ, நாலு பெட்டி ஒரு எஞ்சின் சேத்தா ஒரு மீட்டரைத் தாண்டிடும். என் ஸ்கேல்ல அதே வண்டி 60 செ.மீல முடிஞ்சிடும். நீங்க செய்யப் போறது மலை லைன், மலைதான் அங்க கதாநாயகன். சின்ன ரூம்ல மலை மலையா தெரியணும்னா வண்டி சின்னதா இருக்கணும். வண்டி பெருசாச்சுன்னா மலை குப்பைமேடு மாதிரி தெரியும்.

இதுல ஒரு நடுவழியும் இருக்கு. 9 மி.மீ தண்டவாளத்தை மீட்டர்கேஜுன்னு வச்சுக்கிட்டா ஸ்கேல் 1:110 பக்கம் வருது. என் ஸ்கேல் எஞ்சினோட அடிச்சட்டம் மட்டும் வாங்கி, மேல பாடியை 1:110க்கு 3டி பிரிண்ட் பண்ணி வச்சா, தண்டவாளத்துக்கும் பெட்டிக்கும் விகிதம் நிஜ மீட்டர்கேஜ் மாதிரியே இருக்கும், அந்த குறுகின தண்டவாளத்து மேல அகலமான பெட்டி ஆடி ஆடி போற அழகு அப்பத்தான் வரும். ஆனா மனுஷங்க, மாட்டுவண்டி, பஸ் எல்லாம் அந்த அளவுல கடையில இருக்காது, 1:120ல தேடி எடுத்துக்கணும்.

ரெடிமேடா ஒய்டிஎம்-4 டீசல் எஞ்சினோ ஒய்பி நீராவி எஞ்சினோ கடைக்கு போனா வாங்கிடலாம்னு மட்டும் எதிர்பார்க்காதீங்க. செய்யத்தான் வேணும்.

செலவு பத்தி ஒரு எச்சரிக்கை, பொம்மைக்கு போடுற இறக்குமதி வரி 2020 பட்ஜெட்ல 20லருந்து 60 சதவீதம் ஆச்சு, 2023ல 70 ஆச்சு, ஸ்கேல் மாடலும் அதே 9503 தலைப்புலதான் வருது. நல்ல எஞ்சின் ஒண்ணு வெளியூர்லயே பத்தாயிரத்துக்கு மேல, அதுக்கு மேல கூரியர், வரி. அதனால ஆர்டர் போடுறதுக்கு முன்னாடி இப்ப என்ன வரின்னு பாத்துட்டு மொத்தக் கணக்கு போட்டுக்கங்க. எஞ்சின், தண்டவாளம், பாயிண்ட் (வண்டியை ஒரு லைன்லருந்து இன்னொரு லைனுக்கு திருப்புற தண்டவாளம்) இது மூணுக்கு மட்டும் காசு போடுங்க, மத்த எல்லாத்தையும் கையால செய்யலாம்.

பழைய எஸ்எம் எழுதியது:

சார் வணக்கம். நான் ரிடையர்டு ஸ்டேஷன் மாஸ்டர், விருதுநகர் – தென்காசி செக்ஷன்ல மீட்டர்கேஜ் காலத்துல வேலை பாத்தவன். செங்கோட்டை பேர பாத்ததும் எழுதாம இருக்க முடியல.

ஸ்கேல் எல்லாம் நம்ம கோவைக்காரர் சொல்லிட்டார், எனக்கு அதுல ஞானம் கம்மி. நான் சொல்ல வர்றது ஒண்ணே ஒண்ணு. செங்கோட்டைலருந்து புனலூர் வரைக்கும் எல்லாத்தையும் போட நினைக்காதீங்க. ஒரு ஸ்டேஷன் போடுங்க. எதிர் எதிரா வர்ற வண்டிங்க ஒண்ணையொண்ணு கடக்குற, ஒரே ஒரு சின்ன கிராசிங் ஸ்டேஷன். மெயின் லைன், அதுலருந்து பிரிஞ்சு திரும்ப அதுலயே சேர்ற லூப் லைன், ரெண்டு முனையிலயும் பாயிண்ட்ஸ், ஒதுங்கி நிக்க ஒரு ஷார்ட் சைடிங். இதை வச்சு ஒரு மனுஷன் சாயந்தரம் பூரா வேலை பாக்கலாம், நாங்க ஆயுசு பூரா அதைத்தான பாத்தோம்.

யோசிச்சு பாருங்க, சிங்கிள் லைன்ல எதிர் எதிரா ரெண்டு வண்டி வரணும். பக்கத்து ஸ்டேஷன்ல லைன் கிளியர், அதாவது வண்டியை அனுப்ப அனுமதி, கேக்கணும், கொடுத்தாத்தான் நீல்ஸ் மெஷின்ல டோக்கன் பந்து வெளிய வரும், அந்த பந்தை பைல போட்டு பிரம்பு வளையத்துல மாட்டி டிரைவர் கைல கொடுத்தாத்தான் வண்டி செக்ஷனுக்குள்ள போகும். முதல்ல வர்ற வண்டியை லூப்ல எடுத்து நிறுத்திட்டு, பாயிண்ட்ஸை திருப்பி, கிராஸிங் வண்டிக்கு, ஸ்டேஷனுக்குள்ள வர விடுற ஹோம் சிக்னலை இறக்கணும். அது உள்ள வந்து நின்னு, டோக்கனை வாங்கி மெஷின்ல போட்டு, அப்புறம்தான் லூப்ல நிக்குறவனுக்கு கிளம்ப விடுற ஸ்டார்டர் சிக்னல். இதை அப்படியே உங்க போர்டுல செய்யலாம். டோக்கனுக்கு ஒரு கோலிகுண்டு போதும், கோலி கைல இல்லன்னா வண்டி அந்தப் பக்கம் போகக்கூடாதுன்னு ஒரு சட்டம் வச்சுக்கங்க. பேரன் பகவதிபுரம் எஸ்எம், நீங்க ஆரியங்காவு எஸ்எம். அவனுக்கு ரயில்வே எப்படி ஓடுதுன்னு அன்னைக்கே புரிஞ்சிடும்.

உங்க லைன்ல கூடுதலா பேங்கர், அதாவது நீங்க சொன்ன அந்த பின்னாடி தள்ளுற எஞ்சின் இருக்கு. அடிவாரத்துல பின்னாடி மாட்டி, ஏத்தம் முடிஞ்சதும் கழட்டி, லைட் எஞ்சினா, அதாவது பெட்டி இல்லாம தனியா, திரும்ப அனுப்பணும். அது ஓட டைம் டேபிள்ல ஒரு இடம், அதுக்கு ஒரு டோக்கன், அது நிக்க ஒரு சைடிங். வேலை இருந்துக்கிட்டே இருக்கும். கொல்லம் மெயில், ஒரு பாசஞ்சர், ஒரு கூட்ஸ், பேங்கர் லைட் எஞ்சின் இவ்ளோதான் டைம் டேபிள். கடிகாரத்தை மட்டும் வேகமா ஓட விடுங்க, நிஜ நேரம் அஞ்சு நிமிஷத்தை ஒரு மணி நேரம்னு வச்சுக்கிட்டா ஒரு முழு ஷிஃப்ட் ரெண்டு காபிக்குள்ள முடியும்.

சிக்னல் வைக்கிறப்போ ஒண்ணு ஞாபகம் வச்சுக்கங்க, நம்ம பக்கம் இருந்தது லோயர் குவாட்ரன்ட் கைகாட்டி. கை படுக்கையா இருந்தா நில்லு, கீழ சாஞ்சா போ. இன்டர்நெட்ல வாங்குற கைகாட்டில சிலது மேல தூக்குற வகை, அதை வாங்கிடாதீங்க, பாக்குற பழைய ரயில்வேக்காரன் மனசு கேக்காது. முன்கூட்டியே எச்சரிக்கிற வார்னர் சிக்னலுக்கு மட்டும் கை நுனி மீன் வால் மாதிரி பிளந்திருக்கும்.

தென்காசி சாரல் எழுதியது:

கோவை சார், எஸ்எம் சார், ரெண்டு பேருக்கும் ரொம்ப நன்றி. எஸ்எம் சார் எழுதினதை வீட்டம்மாகிட்ட வாசிச்சு காட்டினேன், கோலிகுண்டு டோக்கன் அவங்களுக்கே பிடிச்சுப் போச்சு.

இப்ப ரெண்டு சந்தேகம். ஒரு ஸ்டேஷன்தான்னா 13 கண் பாலத்தை என்ன பண்ணுறது, அது இல்லாம எனக்கு மனசு வராது. அடுத்தது, பேங்கர் தனியா நிக்கணும் தனியா ஓடணும்னா சாதாரண டிசி கண்ட்ரோலர்ல முடியுமா? ஒரே தண்டவாளத்துல ரெண்டு எஞ்சின் நின்னா ரெண்டும் சேந்துதான ஓடும்.

அல்புலா அண்ணை எழுதியது:

அண்ணை வணக்கம். நான் யாழ்ப்பாணம், இப்ப கனகாலமா சுவிஸிலை இருக்கிறன். கோவைத் தம்பி சொன்னதிலை ஒரு விசயத்திலை மட்டும் எனக்கு வேற கருத்து இருக்குது, கோவிக்கக் கூடாது.

இஞ்ச ரேத்தியன் (Rhaetian) ரயில்வே எண்டு கிரவுபுண்டன் மாநிலத்திலை ஓடுற மலை ரயில், அதுவும் உங்கட செங்கோட்டை மாதிரி சரியா 1000 மில்லிமீற்றர் கேஜ். லண்ட்வாசர் பாலம் பார்த்திருப்பியள், 65 மீற்றர் உயரம், கல்லாலை கட்டினது, பாலம் முடியிற இடத்திலையே பாறைக்குள்ளை குகை துவங்குது. 2008இலை யுனெஸ்கோ பட்டியல்லை சேர்த்தவை. இந்த ரயிலுக்காகவே பெமோ எண்ட கொம்பனி 1:87இலை 12 மில்லிமீற்றர் தண்டவாளம், பாயிண்ட், எஞ்சின் எல்லாம் செய்யுது. டில்லிக் (Tillig) எண்ட கொம்பனியும் 12 மில்லிமீற்றர் தண்டவாளம் செய்யுது. எண்டபடியால் மீற்றர்கேஜுக்கு ஆள் இல்லை எண்டு நினைக்காதேங்கோ, சுவிஸ் முழுக்க மீற்றர்கேஜ் பைத்தியம்தான். உங்கட ஊட்டி ரயிலின்ர பழைய எக்ஸ் கிளாஸ் எஞ்சினுகளும் இஞ்ச விண்டர்தூரிலை இருந்த எஸ்எல்எம் செய்து அனுப்பினதுதான்.

நான் ஏன் 1:87 எண்டு சொல்லுறன் எண்டால், அண்ணைக்கு இப்ப அறுபது தாண்டியிருக்கும். என் ஸ்கேல் பெட்டியைத் தண்டவாளத்திலை ஏத்துறதுக்கே கண்ணாடி, லைற் எல்லாம் வேணும். ஒவ்வொரு சில்லும் சரியா இருந்திட்டுதோ எண்டு பார்க்கோணும். பத்து வருசம் கழிச்சு கை நடுங்கினாலும் 12 மில்லிமீற்றரிலை ஏத்தலாம். பேரப்பிள்ளையள் கை வைச்சாலும் தாங்கும்.

எஞ்சினுக்கு ஒரு வழி இருக்கு. கிழக்கு ஜெர்மனிப் பக்கம் டிடி ஸ்கேல், 1:120, வலு பிரபலம், அதின்ர தண்டவாளமும் 12 மில்லிமீற்றர்தான். அதிலை ஆறு அச்சு டீசல் எஞ்சினுகள் பழசா மலிவாக் கிடைக்கும். ஒய்டிஎம்-4உம் ஆறு அச்சு. டிடி எஞ்சினின்ர அடிச்சட்டத்தை எடுத்து மேலை 1:87 பாடியை வையுங்கோ, நீளம் ஓரளவு பொருந்தும், கேஜும் சரி, மற்ற ஆக்கள், பஸ், மாடு எல்லாம் எச்ஓவிலை எங்கையும் வாங்கலாம். இஞ்ச குளிர்காலத்திலை ஊருக்கு ஊர் பழைய மொடல் ரயில் சந்தை நடக்கும், ஆரும் உறவினர் ஐரோப்பாவிலை இருந்தால் அவையிட்டைச் சொல்லி வையுங்கோ.

வளைவு மட்டும் கவனம். 22 சென்ரிமீற்றர் பெட்டிக்கு 45 சென்ரிமீற்றர் ஆரத்துக்குக் குறையாமல் போடுங்கோ. இல்லாட்டி பெட்டியள் வளைவிலை வெளியாலை தள்ளிக்கொண்டு வடிவில்லாமல் நிக்கும்.

பெரம்பூர் பொண்ணு எழுதியது:

அங்கிள் வணக்கம். எங்கப்பா ஐசிஎஃப்ல இருந்து ரிடையர் ஆனவர், வீட்டு ஹால்ல சுவர் ஓரமா லேஅவுட் போட்டிருக்கார், அதுக்கு எலெக்ட்ரானிக்ஸ் பூரா நான்தான், அதனால உங்க ரெண்டாவது கேள்விக்கு நான் சொல்றேன்.

டிசில வோல்டேஜை கூட்டி குறைச்சா வேகம், ப்ளஸ் மைனஸ் மாத்தினா திசை. நீங்க சொன்ன மாதிரியே அந்த தண்டவாளத்துல இருக்குற எல்லா எஞ்சினும் சேந்து ஓடும். பேங்கரை நிறுத்தணும்னா சைடிங்ல ஒரு பக்க தண்டவாளத்தை வெட்டி இன்சுலேட் பண்ணி சுவிட்ச் வச்சா போதும், ஆஃப் பண்ணினா அது செத்த மாதிரி நிக்கும். அவ்ளோதான் செலவு. ஆனா மேல போய் பேங்கரை கழட்டுறப்போ மெயின் வண்டி ஒரு பக்கம் பேங்கர் எதிர்ப் பக்கம் ஒரே நேரத்துல நகரணும்னு ஆசைப்பட்டா டிசிசிதான் வழி. அதுல தண்டவாளத்துல எப்பவும் ஒரே அளவு வோல்டேஜ் இருக்கும், கூடவே டிஜிட்டல் சிக்னலும் போகும், ஒவ்வொரு எஞ்சின்லயும் ஒரு டீகோடர் சிப், அதுக்கு ஒரு நம்பர், அந்த நம்பருக்கு வர்ற ஆர்டரை மட்டும் அது கேக்கும்.

கம்பெனி டிசிசி செட் விலையை பாத்து பயப்படாதீங்க. டிசிசி-இஎக்ஸ்னு ஒரு ஓப்பன் சோர்ஸ் ப்ராஜெக்ட் இருக்கு, ஆர்டுயினோ மெகா, ஒரு மோட்டார் ஷீல்டு, ஒரு வைஃபை போர்டு, இவ்ளோதான், ஆண்ட்ராய்டு போன்ல என்ஜின் டிரைவர்னு ஆப் போட்டா போனே கண்ட்ரோலர் ஆயிடும். ரிட்சி ஸ்ட்ரீட்ல இந்த போர்டெல்லாம் கிடைக்கும். மின்வாரியத்துல இருந்தவருக்கு இது ஒரு வேலையே இல்ல. டீகோடர் மட்டும் வெளிய வாங்கணும். பேங்கரும் முன் எஞ்சினும் ஒரே வேகத்துல ஓடணும் இல்லன்னா ஒண்ணு இழுக்க ஒண்ணு தள்ள நடுப் பெட்டி வளைவுல கவுந்துடும், அதுக்கு டீகோடர்ல சிவின்னு நம்பர் போட்ட செட்டிங்ஸ் இருக்கும், சிவி 2ல ஆரம்ப வேகம், சிவி 5ல உச்ச வேகம் இதை ரெண்டு எஞ்சின்லயும் பொருத்தி வைங்க, வேகம் கூடுற, குறையுற விதத்துக்கான சிவி 3, 4ஐயும் ரெண்டு எஞ்சின்லயும் ஒரே மாதிரி போடுங்க. ரெண்டையும் மாட்டாம தனித்தனியா கொஞ்ச இடைவெளி விட்டு ஓட்டி பாத்தா அந்த இடைவெளி மாறாம இருக்கணும், அதுதான் டெஸ்ட்.

தண்டவாளத்துக்கு கரன்ட் கொண்டு போற ஃபீடர் ஒயர் விஷயத்துல கஞ்சத்தனம் வேண்டாம். போர்டுக்கு அடில தடிமனான பஸ் ஒயர் ரெண்டு ஓட விட்டு, மூணு அடிக்கு ஒரு தடவை மேல தண்டவாளத்துக்கு சால்டர் பண்ணிடுங்க. தண்டவாளத் துண்டுகளை இணைக்கிற ஃபிஷ் பிளேட் ஜாயின்ட்டை மட்டும் நம்பினா கொஞ்ச நாள்ல அழுக்கு சேந்து எஞ்சின் தூரத்துல போய் திணறும். தண்டவாளம் நிக்கல் சில்வர்தான் வாங்கணும், ஸ்டீல் வேண்டவே வேண்டாம், உங்க ஊர் சாரல் சீசனுக்கு துரு பிடிச்சிடும். துடைக்க ஐசோப்ரொப்பைல் ஆல்கஹால், பஞ்சு வேண்டாம், நூல் விடாத துணி.

ப்ளைவுட் 12 மி.மீ, 710 கிரேடு மெரைன் ப்ளை கேளுங்க. மேல கீழ ஓரம் எல்லா பக்கமும் ப்ரைமர் அடிச்சிடணும், ஒரு பக்கம் மட்டும் அடிச்சா ஈரத்துக்கு வளையும். ஃப்ரேமுக்கு மரத்துக்கு பதிலா அலுமினியம் பாக்ஸ் செக்ஷன், கரையான் பயம் இல்ல. கட்டில் பிரச்சனைக்கும் அதுலயே வழி இருக்கு, தரையில டேபிள் மாதிரி போடாம சுவர்ல பிராக்கெட் அடிச்சு நாலு அடி உயரத்துல ஷெல்ஃப் மாதிரி போடுங்க, அகலம் ஒன்றரை அடி. அடில கட்டில் தாராளமா போகும். நாலு அடி உயர போர்டை நின்னுக்கிட்டு பாத்தா வண்டி நம்ம கண் மட்டத்துக்கு பக்கத்துல வரும், மேலருந்து பாக்குறதை விட நிஜ ரயில் பாக்குற மாதிரியே இருக்கும். கதவுக்கு குறுக்க போர்டு போட்டு குனிஞ்சு உள்ள போற மாதிரி மட்டும் வைக்காதீங்க, முட்டி ஒத்துக்காது, ரெண்டு மாசத்துல ரூமுக்குள்ள போகவே யோசிப்பீங்க. பையனுக்கு ஒரு உறுதியான ஸ்டூல் செஞ்சு கொடுங்க.

கோவை குட்டி ரயில் எழுதியது:

அண்ணை சொன்ன டிடி அடிச்சட்டம் யோசனை அருமை, அது நடக்கும்னா நானும் 1:87க்கே ஓட்டு போடுறேன். ஆனா சார், அப்ப ரயில் நீளத்தை குறைங்க. மூணு பெட்டி ஒரு எஞ்சின் ஒரு பேங்கர், இது ஒரு மீட்டர் சொச்சம். லூப் லைன் ரெண்டு பாயிண்டும் சேத்து ஏழு அடி ஆகும். 11 அடி சுவர்ல அது உக்காந்துடும், மிச்சத்துல ரெண்டு பக்கமும் வளைவு.

இடத்தை இப்படி பாருங்க. 11 அடி நீளச் சுவர்ல பகவதிபுரம் ஸ்டேஷன், நம்ம பக்கம், வயக்காடு, பனை, பின்னாடி மலை. மூலைல குகை வாசல். பக்கத்து 10 அடி சுவர்ல கேரளா, அங்க 13 கண் பாலம், பச்சை. ரெண்டுக்கும் நடுவுல மூலை வளைவு பூரா மலைக்குள்ள மறைஞ்சிடும். நிஜத்துலயும் மலையைத் தாண்டினா ஊரே மாறுதில்லையா, உங்க லேஅவுட்லயும் அந்த குகைதான் ரெண்டு காட்சியையும் பிரிக்கும், ஒரே நேரத்துல ரெண்டும் கண்ணுல படாது. பாலம் தாண்டி கடைசில இன்னொரு குகை, அதுக்குப் பின்னாடி மறைவா மூணு லைன் யார்டு, அதுதான் புனலூர், கொல்லம், எல்லாமே. வண்டி அங்க போய் காத்திருந்து திரும்ப வரும். செங்கோட்டை பக்கமும் அதே மாதிரி சின்னதா ரெண்டு லைன். குகைக்கு மேல மூடி கழட்டுற மாதிரி இருக்கணும், உள்ள கவுந்தா கை போகணும்.

நிஜப் பாலம் சுமார் 100 மீட்டர், 1:87ல நாலு அடிக்கு கொஞ்சம் குறைவு. அப்படியே முழுசா போடலாம் சார், 13 வளைவும். 5 மி.மீ சன்போர்டுல வளைவு வெட்டி, மை தீர்ந்த பால்பாயிண்ட் பேனாவால அழுத்தி கல் கல்லா கோடு போட்டு, சாம்பல் கலர் அடிச்சு அதுக்கு மேல தண்ணியா கரைச்ச கறுப்பை தடவி துடைச்சா கருங்கல் வந்துடும்.

ஏத்தம் போடணும்னா 100க்கு ரெண்டரைக்கு மேல வேண்டாம். 10 செ.மீ ஏறணும்னா அதுக்கே 4 மீட்டர் வேணும், அதனால தண்டவாளத்தை கொஞ்சமா ஏத்துங்க, பள்ளத்தை நல்லா ஆழமா எறக்குங்க. பாலத்துக்கு கீழ போர்டையே வெட்டி ஒரு அடி கீழ கொண்டு போனா உயரம் தானா தெரியும்.

மலைக்கு தெர்மோகோல் அடுக்கி செதுக்கி, மேல பழைய வேட்டித் துணியை பிளாஸ்டர் ஆஃப் பாரிஸ்ல நனைச்சு போர்த்துங்க. தெர்மோகோல் மேல நேரா ஸ்ப்ரே பெயின்ட் அடிச்சா உருகிடும், பிளாஸ்டர் போட்ட பிறகுதான் பெயின்ட். ஜல்லிக்கு எம்-சாண்டை மாவு சல்லடைல சலிச்சு எடுங்க, பரப்பிட்டு ஃபெவிக்காலை தண்ணில கரைச்சு ரெண்டு சொட்டு பாத்திரம் கழுவுற லிக்விட் விட்டு ஃபில்லர்ல சொட்டு சொட்டா விட்டா உள்ள வரைக்கும் இறங்கும். மரத்துக்கு காஞ்ச பீர்க்கங்காய் நார், செடி வேர். மைதா பசை பக்கமே போகாதீங்க, எறும்பும் கரப்பானும் குடும்பத்தோட வந்துடும். எடமண் பக்கம் ரப்பர் தோட்டம் காட்டணும்னா மரத்தை ஒரே இடைவெளில வரிசை வரிசையா நடுங்க, காடு மாதிரி கலைச்சு நட்டா ரப்பர்னு யாருக்கும் தெரியாது.

முடிஞ்சா ஒரு தடவை புனே கோத்ரூட்ல ஜோஷி மினியேச்சர் ரயில்வே மியூசியம் போய் பாத்துட்டு வாங்க, 1998லருந்து பொதுமக்களுக்கு காட்டுறாங்க. சென்னைல ஐசிஎஃப் பக்கம் இருக்குற ரயில் மியூசியத்துல நிஜ மீட்டர்கேஜ் வண்டிகளை பக்கத்துல நின்னு பாக்கலாம், டேப் கொண்டு போங்க.

தென்காசி சாரல் எழுதியது:

படிக்க படிக்க ரூமுக்கு போய் சுவரை அளந்து பாத்துட்டு வந்துட்டேன். குகையை மூலைல வச்சு ரெண்டு ஊரா பிரிக்கிற யோசனை எனக்கு தானா வந்திருக்கவே வந்திருக்காது கோவை சார். 1:87, 12 மி.மீ, ஷெல்ஃப் நாலு அடி உயரம், இது முடிவு. அண்ணை, என் மச்சினன் பையன் ஜெர்மனில டிரெஸ்டன் பக்கம்தான் இருக்கான், டிடி எஞ்சின் விஷயமா அவன்கிட்ட இன்னைக்கே பேசுறேன். பெரம்பூர் தங்கச்சி, டிசிசி நானே அந்த ஆர்டுயினோ வழியில பண்ணிப் பாக்குறேன், சந்தேகம் வந்தா இங்கயே கேப்பேன்.

முதல்ல பகவதிபுரம் போர்டு மட்டும். மரத்துல நல்லா வேலை தெரிஞ்ச ஆள் ஒருத்தர் பக்கத்துத் தெருவுல இருக்கார், கேரம் போர்டெல்லாம் செய்வார், அவரை கூட வச்சுக்கிட்டு பண்ணலாம்னு இருக்கேன்.

எஸ்எம் சார், உங்ககிட்ட ஒரு கேள்வி. ஒன்றரை அடி அகல போர்டுல அவுட்டர், வார்னர், ஹோம், ஸ்டார்டர் எல்லாத்தையும் வச்சா நெருக்கமா ஆயிடாதா? எதை விட்டா தப்பில்ல?

பழைய எஸ்எம் எழுதியது:

நல்ல கேள்வி சார். அவுட்டரும் வார்னரும் ஸ்டேஷனுக்கு ரொம்ப தள்ளி இருக்குறது, உங்க போர்டுக்குள்ள அந்த தூரமே வராது, அதனால குகைக்கு அந்தப் பக்கம் இருக்குறதா வச்சுக்கிட்டு விட்டுடுங்க, யாரும் தப்பு சொல்ல முடியாது. ஹோம் ரெண்டு, ஒவ்வொரு பக்கமும் முதல் பாயிண்ட்ஸுக்கு வெளிய, டிரைவர் வர்ற திசையில தெரியணும். மெயினுக்கும் லூப்புக்கும் தனித்தனி கை, மெயின் கை உயரமா, லூப் கை கொஞ்சம் தாழ்வா. ஸ்டார்டர் பிளாட்பாரம் முடியிற இடத்துல. பிளாட்பாரத்துல ஒரு வேப்பமரம், மரத்தடில சிமென்ட் பெஞ்சு, ரூம் வாசல்ல டோக்கன் வளையம் மாட்டுற ஆணி, இதெல்லாம் இருந்தாத்தான் ஸ்டேஷன்.

கைகாட்டி கம்பத்தை எல்லா வேலையும் முடிஞ்சு கடைசியா நடுங்க. முன்னாடியே நட்டுட்டா மலை வேலை பாக்குறப்போ கை பட்டு ஒடியும். அதுவரைக்கும் அது நிக்கிற இடத்துல ஒரு துளை மட்டும் போட்டு தீக்குச்சி செருகி வைங்க, அடியில ஒயர் வர்ற வழியையும் அப்பவே விட்டுடுங்க.